ஒற்றுமைக்கான விலையை முதலில் கொடுக்க வேண்டியவர் யார்?

கேள்வி இதுதான்: “எங்கள் சபையின் மூப்பர் ஒவ்வொரு கூட்டத்திலும் ‘ஒருமனமாக இருங்கள்’ என்கிறார். காணிக்கைக் கணக்கைப் பற்றியோ எடுத்த முடிவைப் பற்றியோ யாராவது கேட்டால், பிரிவினை உண்டாக்குகிறவர் என்ற பெயர் வந்துவிடுகிறது. தன்னலமற்ற தலைமையையும் ஒற்றுமையையும் வேதாகமம் எப்படிச் சேர்த்துப் பார்க்கிறது? அப்படிப்பட்ட தலைமை இல்லாத இடத்தில் விசுவாசிகள் என்ன செய்வது?”

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சண்டை மூண்ட ஒரு கூட்டம் மறுபடி ஒன்றுபட்ட கதைகளை வேதாகமத்தில் தேடிப் பாருங்கள். அங்கே அநேகமாக ஒரு தலைவர் தமக்கு நியாயமாகச் சேர வேண்டிய ஒன்றை விட்டுக்கொடுத்திருப்பார். அது நிலமாக இருக்கலாம், வருமானமாக இருக்கலாம், முதல் இடமாக இருக்கலாம், கடைசி வார்த்தை சொல்லும் அதிகாரமாக இருக்கலாம். கூட்டம் உடைந்துபோன கதைகளிலோ, தலைவர் அந்த விலையை மக்களிடமிருந்து வசூலிக்கப் பார்த்திருப்பார். ஒருமனமாக இருங்கள் என்று கேட்பதில் தவறில்லை, பவுலும் கேட்டார். ஆனால் அதற்காகத் தாம் எதை இழந்தார் என்று காட்ட முடிந்தவருடைய வாயில்தான் அந்தச் சொல்லுக்கு எடை இருக்கிறது.

ஆதியாகமம் 13-ஆம் அதிகாரத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. ஆபிராமின் மேய்ப்பர்களுக்கும் லோத்தின் மேய்ப்பர்களுக்கும் வாக்குவாதம். ஆபிராம் லோத்தின் தகப்பனுக்குச் சகோதரர். தேவனுடைய அழைப்பைப் பெற்றவரும் அவர்தான். நிலத்தைப் பங்கிட்டு, “உனக்கு இது” என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ சகோதரன் மகனிடம், நீ இடதுபுறம் போனால் நான் வலதுபுறம் போகிறேன் என்று தேர்வை ஒப்படைத்துவிட்டார். லோத்து நீர்வளம் மிக்க யோர்தான் சமவெளியை எடுத்துக்கொண்டான். எதிர்முனையில் சாலொமோன் ராஜாவின் மகன் ரெகொபெயாம் நிற்கிறான். சீகேமில் கூடிய மக்கள், உம்முடைய தகப்பன் சுமத்திய பாரத்தைக் குறைத்தால் உமக்கு ஊழியம் செய்வோம் என்றார்கள். இன்றைக்கு நீர் இவர்களுக்குச் சேவகனாக இருந்தால் இவர்கள் என்றைக்கும் உமக்குச் சேவகராக இருப்பார்கள் என்று முதியவர்கள் ஆலோசனை சொன்னார்கள். அவன் அதைத் தள்ளிவிட்டு, பாரத்தை இன்னும் கூட்டுவேன் என்றான். பத்துக் கோத்திரங்கள் போயின. தாவீதின் ராஜ்யம் பிறகு ஒருபோதும் ஒன்றாகவில்லை.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான சம்பவம் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

எருசலேம் சபையில் இரண்டு மொழிக்காரர்கள் இருந்தார்கள். எபிரெயர் மண்ணின் மைந்தர்கள். அப்போஸ்தலர்களும் அவர்களில் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் வெளிதேசங்களில் வாழ்ந்து திரும்பிய, கிரேக்க மொழி பேசும் யூதர்கள். அன்றாட விசாரிப்பில், அதாவது உணவுப் பங்கீட்டில், தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று இந்த இரண்டாம் தரப்பார் முறுமுறுத்தார்கள். முறுமுறுப்பு என்ற சொல் யூதர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வனாந்தரத்தில் மோசேக்கு விரோதமாக முறுமுறுத்த தலைமுறை மடிந்துபோன கதை அவர்களுக்குப் பாலபாடம். அந்தக் கதையை எடுத்துவைத்து வாயை அடைப்பது அப்போஸ்தலர்களுக்கு மிக எளிது. “அனனியாவுக்கும் சப்பீராளுக்கும் நடந்தது நினைவிருக்கிறதா?” என்று மிரட்டவும் முடியும்; நிலம் விற்ற பணத்தைப் பற்றிப் பொய் சொன்ன அந்தத் தம்பதியர் விழுந்து மடிந்தது அதற்கு முந்தைய அதிகாரத்தில்தான்.

அவர்கள் அப்படி ஒன்றும் செய்யவில்லை. யார் முறையிட்டது, எந்த எண்ணத்தில் முறையிட்டார்கள் என்று ஆராயவில்லை. குறை உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். சபையார் எல்லாரையும் கூட்டி, நாங்கள் தேவவசனத்தை விட்டுவிட்டுப் பந்திவிசாரணை செய்வது தகாது, நற்சாட்சி பெற்ற ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். அதுவரை நிலங்களை விற்ற பணம் அப்போஸ்தலருடைய பாதத்தில்தான் வைக்கப்பட்டு வந்தது. பங்கிடும் அந்தப் பொறுப்பு இப்போது அவர்கள் கையை விட்டுப் போகிறது; ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் போகிறது. அப்போஸ்தலர்கள் கைகளை வைத்து ஜெபித்ததோடு சரி.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். பெயரை மட்டும் வைத்து ஒருவர் எந்தத் தரப்பு என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாதுதான். பன்னிருவரிலேயே அந்திரேயா, பிலிப்பு என்று இரண்டு கிரேக்கப் பெயர்கள் உண்டு. ஆனால் ஏழு பேரில் ஒருவருக்குக்கூட எபிரெயப் பெயர் இல்லை. நிக்கொலா யூதராகப் பிறந்தவரும் அல்ல, யூத மார்க்கத்தில் சேர்ந்த அந்தியோகியாக்காரர். பெரும்பான்மைத் தரப்பு, தன் விதவைகளின் உணவையும் சேர்த்து, குறை சொன்ன தரப்பின் கையில் ஒப்படைத்தது என்றுதான் நான் வாசிக்கிறேன். ஆளுக்குப் பாதி என்று ஒரு சமரசக் குழு அமைத்திருந்தால் யாரும் தவறு சொல்லியிருக்க முடியாது. அவர்கள் அதற்கும் மேலே போனார்கள். அடுத்த வசனமே, எருசலேமில் சீஷருடைய தொகை மிகவும் பெருகிற்று, ஆசாரியர்களில் அநேகரும் விசுவாசத்துக்குக் கீழ்ப்பட்டார்கள் என்கிறது.

முறையீட்டைக் கேட்டதால் சபை உடையவில்லை என்பதை உங்கள் மூப்பரோடு பேசும்போது தயங்காமல் சுட்டிக்காட்டலாம்.

கணக்கைப் பற்றிய கேள்விக்கு இன்னும் நேரடியான பதில் பவுலிடம் இருக்கிறது. எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காக மக்கெதோனியா, அகாயா சபைகளில் அவர் பணம் சேர்த்தார். அவர் நேர்மையை யார் சந்தேகிக்க முடியும்? இருந்தும் அந்தப் பணத்தைத் தனியே கொண்டுபோக அவர் இசையவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், நீங்கள் தகுதியுள்ளவர்கள் என்று குறிக்கிறவர்களிடமே கொடுத்தனுப்புவேன் என்கிறார். இரண்டாம் நிருபம் 8-ஆம் அதிகாரத்தில், சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டதைச் சொல்லிக் காரணத்தையும் தருகிறார்: இந்தப் பெரிய தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்த இடம் இருக்கக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம். கேள்வி வருவதற்கு முன்பே அவர் ஏற்பாடு செய்துவிட்டார். தேவனுக்குத் தெரியும் என்ற ஒரே வார்த்தையில் கணக்கை முடித்துக்கொள்கிற தலைவர்கள் இந்த அதிகாரத்தை வாசிப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நெகேமியாவின் புத்தகத்தை எல்லாரும் அந்தத் தேசாதிபதி எருசலேமின் மதிலைக் கட்டிய கதையாகவே பிரசங்கிக்கிறார்கள். அதன் நடுவில் இருக்கும் 5-ஆம் அதிகாரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ முழுப் புத்தகமும் அந்த அதிகாரத்தில்தான் நிற்பதாகத் தோன்றுகிறது. மதில் பாதி எழும்பியிருக்கிறது, வெளியே சன்பல்லாத்தும் தொபியாவும் சூழ்ச்சி செய்கிறார்கள். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து கூக்குரல் எழும்புகிறது. பஞ்சத்தில் தானியம் வாங்க வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் வீடுகளையும் அடகு வைத்துவிட்டோம், ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கினோம், எங்கள் குமாரரையும் குமாரத்திகளையும் அடிமைகளாக்குகிறோம் என்கிறார்கள். கடன் கொடுத்து நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் அந்நியர்கள் இல்லை, சொந்தச் சகோதரர்கள். “எதிரி வாசலில் நிற்கிறான், இப்போதா இதைப் பேசுவது?” என்று சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் எந்தத் தலைவருக்கும் கிடைக்காது.

நெகேமியா ஒரு பெரிய சபையைக் கூட்டினார். பிரபுக்களையும் அதிகாரிகளையும் முகத்துக்கு நேரே கடிந்துகொண்டார். அதோடு நிற்காமல், நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும்கூட அவர்களுக்குப் பணமும் தானியமும் கடனாகக் கொடுத்திருக்கிறோம், இந்த வட்டியை விட்டுவிடுவோமாக என்றார். குற்றப்பட்டியலில் தம் பெயரையும் சேர்த்துக்கொண்டதால்தான் மற்றவர்களால் மறுத்துப் பேச முடியவில்லை. வயல்களும் வீடுகளும் திரும்பின. நூற்றுக்கு ஒன்று என்று வாங்கிய வட்டியும் திரும்பியது.

பிறகு அவர் தம்முடைய வீட்டுக் கணக்கைத் திறந்து வைக்கிறார். அவருக்கு முன்பிருந்த தேசாதிபதிகள் மக்களிடமிருந்து அப்பமும் திராட்சரசமும் 40 சேக்கல் வெள்ளியும் வாங்கிவந்தார்கள். அவர் அர்தசஷ்டா ராஜாவின் 20-ஆம் வருஷம் முதல் 32-ஆம் வருஷம் வரை, 12 ஆண்டுகள், தேசாதிபதிக்கு உரிய படியைத் தொடவில்லை. அவர் பந்தியில் யூதரும் அதிகாரிகளுமாக 150 பேர் சாப்பிட்டார்கள்; நாளொன்றுக்கு ஒரு காளை, தெரிந்தெடுத்த ஆறு ஆடுகள், பறவைகள். அவ்வளவு செலவிலும் படியை ஏன் கேட்கவில்லை என்றால், இந்த ஜனங்கள் சுமந்த பாரம் கடினமாக இருந்தது என்கிறார். வயல்கள் மலிவாகக் கைமாறிய காலத்தில் தாம் ஒரு வயலும் வாங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். அந்த மதில் 52 நாளில் முடிந்தது. மேலே இருப்பவன் நம்மை உறிஞ்சவில்லை என்று தெரிந்த பிறகு மனிதர்கள் எப்படி வேலை செய்வார்கள் என்பது அந்த எண்ணில் இருக்கிறது.

இதற்கெல்லாம் ஊற்று எங்கே என்று கேட்டால் கிறிஸ்தவர்கள் போக வேண்டிய இடம், இயேசு சீஷர்களோடு கடைசி இராப்போஜனம் உண்ட மேலறைதான். சீஷர்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இயேசு ஜெபித்த ஜெபம் யோவான் 17-இல் இருக்கிறது. கூட்டு ஆராதனைகளில் அதை அடிக்கடி வாசிக்கிறோம். ஆனால் அதே இரவில், அந்த ஜெபத்துக்கு முன்பே, அவர் சீலையைக் கட்டிக்கொண்டு அவர்கள் கால்களைக் கழுவியிருந்தார். காட்டிக்கொடுக்கப் போகிறவனும் அப்போது அங்கேதான் இருந்தான். அவன் கால்களும் கழுவப்பட்டன. கால் கழுவிய 13-ஆம் அதிகாரத்தைத் தாண்டி 17-க்குப் போக வழியில்லை. யாக்கோபும் யோவானும் வலப்பக்கத்து இடத்தையும் இடப்பக்கத்து இடத்தையும் கேட்டதால் மற்றப் பத்துப் பேரும் எரிச்சலடைந்தார்கள் என்று மாற்கு 10 சொல்கிறது. பதவி ஆசை இருவருக்கு, பிளவு பன்னிருவருக்கு. புறஜாதி அதிபதிகள் இறுமாப்பாய் ஆளுகிறார்கள், “உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது” என்று இயேசு சொன்னது அந்தச் சண்டையின் நடுவில்தான்.

பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்திலும் இதே கட்டமைப்பு. கிறிஸ்து தம்மை வெறுமையாக்கினார் என்ற அந்த மகத்தான பகுதியை நாம் உபதேசமாக மட்டுமே படிக்கிறோம். பவுல் அதை எழுதிய சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்கள் கருத்து வேறுபட்டு நின்றார்கள். யார் பக்கம் நியாயம் என்று பவுல் தீர்ப்புச் சொல்லவில்லை. இருவரும் சுவிசேஷத்துக்காகத் தம்மோடு பாடுபட்டவர்கள் என்று இருவருக்கும் ஒரே மரியாதை கொடுத்து, உதவி செய்யும்படி மூன்றாமவர் ஒருவரைக் கேட்கிறார்.

பவுலின் பெருந்தன்மைக்கு இன்னொரு சான்று யார் கண்ணிலும் படாமல் 1 கொரிந்தியர் 16:12-இல் கிடக்கிறது. கொரிந்துவில் “நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்” என்று கட்சி கட்டியிருந்தார்கள். அப்பொல்லோ வல்லமையான பேச்சாளர். போட்டியாளராக ஆக்கப்பட்ட அந்த மனிதரை அதே ஊருக்குப் போகும்படி பவுல் மிகவும் வேண்டிக்கொண்டாராம். அப்பொல்லோவோ இப்போது வர மனதில்லை என்றாராம். ஒருவர் மற்றவருக்கு மேடையைக் கொடுக்கிறார், மற்றவர் அதில் ஏறத் தயங்குகிறார். கட்சித் தொண்டர்கள் முறைத்துக்கொண்டு நிற்க, தலைவர்கள் இருவரிடமும் கட்சியே இல்லை.

திருச்சபை வரலாற்றிலும் இந்த இழை அறுந்துபோகவில்லை. 381-இல் கான்ஸ்டான்டிநோபிள் பொதுச்சங்கத்துக்குத் தலைமை வகித்துக்கொண்டிருந்தார் நசியான்சு கிரகோரியார். அந்த நகரத்தின் ஆயராக அவர் அமர்த்தப்பட்டது செல்லாது என்று சில ஆயர்கள் கிளப்பினார்கள். அவர் வழக்காடவில்லை. புயலுக்கு நான் காரணம் இல்லையென்றாலும், யோனாவைப் போல என்னைக் கடலில் எறியுங்கள், கப்பல் தப்பட்டும் என்ற பொருளில் பேசிவிட்டுப் பதவி விலகினார். பிற்காலத்தில் அவர் எழுதிய கவிதைகளில் அந்தக் கசப்பு தெரிகிறது. அதை நான் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. விட்டுக்கொடுப்பது வலிக்கும், வலிக்காததுபோல நடிப்பவரைவிட அவர் நம்பத்தக்கவர்.

411-இல் கார்த்தேஜ் நகரில் நடந்தது இன்னும் பெரியது. ரோமப் பேரரசர் தியோக்லேத்தியன் காலத்துத் துன்புறுத்தலில் வேதநூல்களை ஒப்படைத்துவிட்டவர்களை என்ன செய்வது என்ற சண்டையில் பிறந்த தொனாத்தியர் பிளவுக்கு அப்போது நூறு வயது. வட ஆப்பிரிக்காவில் பல ஊர்களில் இரண்டு ஆயர்கள், இரண்டு பீடங்கள். இரு தரப்பிலும் 270-க்கு மேற்பட்ட ஆயர்கள் ஒரே மாநாட்டுக்கு வந்தார்கள். அகுஸ்தீனார் இருந்த தரப்பு முன்கூட்டியே எழுதிக்கொடுத்த வாக்குறுதியைப் பாருங்கள்: நீங்கள் வென்றால் எங்கள் ஆயர் பதவிகளை விட்டுவிடுகிறோம், நாங்கள் வென்றால் நீங்கள் பதவி இழக்க வேண்டாம், ஒரே சபையில் இருவரும் பகிர்ந்துகொள்வோம், இரண்டு ஆயர்களை மக்கள் ஏற்காவிட்டால் இருவரும் விலகுவோம், புதிதாக ஒருவர் வரட்டும். மக்களுக்காகத்தான் நாம் ஆயர்கள். நம் பதவி அவர்களுடைய சமாதானத்துக்குத் தடையாக இருந்தால் அந்தப் பதவியை வைத்து என்ன செய்வது என்பதே அகுஸ்தீனாரின் வாதம். சபையின் சொத்துத் தகராறுகளில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் இந்த ஆவணத்தை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

அதன் பின்கதையையும் மறைக்கக் கூடாது. தீர்ப்பு தொனாத்தியருக்கு எதிராக வந்தது; 412-இல் பேரரசரின் சட்டம் அவர்கள்மேல் அபராதங்களை விதித்தது; அகுஸ்தீனாரும் அரச கட்டாயத்தை ஆதரித்தார். விட்டுக்கொடுக்கத் தயாராக வந்தவர்கள், கடைசியில் கட்டாயத்தின் துணையோடு ஒற்றுமையைக் கொண்டுவரப் பார்த்தார்கள். முந்தைய வாக்குறுதி எவ்வளவு அழகோ, இது அவ்வளவு வருத்தம் தருகிறது.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, தன்னலமற்றவர் என்றால் எல்லாவற்றையும் தாமே இழுத்துப்போட்டுச் செய்பவர் என்று பொருள் இல்லை. காலைமுதல் மாலைவரை மோசே ஒருவரே நியாயம் விசாரித்ததைப் பார்த்த மாமனார் எத்திரோ அதைத் தியாகம் என்று பாராட்டவில்லை. நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். யாரையும் வளரவிடாமல் ஓடியோடி உழைப்பதிலும் தன்னலம் ஒளிந்திருக்கும். மோசே அதைக் கற்றுக்கொண்டார் என்பது எண்ணாகமம் 11-இல் தெரிகிறது. எல்தாத்தும் மேதாத்தும் பாளயத்துக்குள் தீர்க்கதரிசனம் சொன்னபோது யோசுவா தடுக்கச் சொன்னான். மோசேயோ, கர்த்தருடைய ஜனங்கள் எல்லாரும் அப்படி ஆனால் நலமாயிருக்குமே என்றார். துறவிமடங்களுக்கான பெனடிக்டின் ஒழுங்குநூலில் மூன்றாம் அதிகாரம் இதை நடைமுறையாகவே ஆக்கிவிட்டது. முக்கியமான காரியம் வந்தால் மடத்துத் தலைவர் எல்லாத் துறவிகளையும் கூட்டிக் கேட்க வேண்டும். ஏனென்றால் நல்லது எது என்பதை ஆண்டவர் பல வேளைகளில் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்கிறது அது. முடிவு தலைவருடையதுதான், ஆனால் கேட்ட பிறகு.

இரண்டாவது, ஒற்றுமையின் பெயரால் தவறை மூடிவைப்பது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. அந்தியோகியாவில் கேபா, அதாவது பேதுரு, புறஜாதியாரோடு சாப்பிடாமல் விலகிக்கொண்டபோது பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரை எதிர்த்தார். பேதுருவோ முதல் வரிசை அப்போஸ்தலர். மூப்பர்மேல் குற்றச்சாட்டு வந்தால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5 அவரைப் பாதுகாக்கிறது. பாவம் செய்தவர் என்றால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்று அடுத்த வசனம் சபையைப் பாதுகாக்கிறது. முதல் வசனத்தை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்களிடம் அடுத்ததையும் வாசிக்கச் சொல்லுங்கள். காயப்பட்டவரைப் பேசாதிருக்கச் செய்து கிடைக்கும் அமைதியை வேதாகமம் ஒருமனம் என்று எங்கும் அழைப்பதில்லை.

கடைசியாக, தலைமை அப்படி அமையாத இடத்தில் என்ன செய்வது? யோவானின் மூன்றாம் நிருபம் மிகச் சிறியது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். தியோத்திரேப்பு என்பவன் சபையில் முதன்மையாயிருக்க விரும்புகிறான். யோவானுடைய வார்த்தையை ஏற்கவில்லை, அலப்புகிறான், வந்த சகோதரர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை, சேர்த்துக்கொள்கிறவர்களையும் சபையை விட்டுத் தள்ளுகிறான். நீங்கள் விவரிக்கும் நிலைமையைவிட இது மோசம். இந்த நிலையில் யோவான் காயு என்ற விசுவாசிக்கு எழுதும்போது, ஒரு எதிர் அணியைத் திரட்டு என்று சொல்லவில்லை. பொறுத்துக்கொண்டு சும்மா இரு என்றும் சொல்லவில்லை. வருகிற சகோதரர்களை நீ உபசரிப்பது நல்லது, தொடர்ந்து செய்; தீமையைப் பின்பற்றாதே; தேமேத்திரியு நல்ல சாட்சி பெற்றவன் என்கிறார். தியோத்திரேப்பு செய்வதை நான் வரும்போது வெளிப்படையாக எடுத்துப் பேசுவேன் என்று பொறுப்பைத் தம்மேல் எடுத்துக்கொள்கிறார்.

உங்களுக்கும் அதே வழிதான். மூப்பரிடம் முதலில் தனியே பேசுங்கள். மத்தேயு 18 காட்டும் ஒழுங்கு அது. கேட்காவிட்டால் ஒருவரையோ இருவரையோ அழைத்துப்போங்கள். அதன் பிறகு சபையில், எல்லாரும் கேட்கும்படி, பவுல் தர்மப்பணத்துக்குச் செய்த ஏற்பாட்டை முன்வைத்துக் கணக்கைக் கேளுங்கள். ஆளைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசாதீர்கள். விடுபட்டுப்போன குடும்பங்கள் யாவை என்று பார்த்து, யாரும் நியமிக்காமலே அவர்களைச் சந்திக்கத் தொடங்குங்கள். உங்களுக்கு மேலே ஆயரோ மன்றமோ இருந்தால், பெயரோடும் சாட்சியோடும் எழுதுங்கள். மொட்டைக் கடிதம் வேண்டாம். நாளைக்கு அந்தப் பொறுப்பு உங்கள் கைக்கே வரவும் கூடும். வந்தால் முதல் கூட்டத்திலேயே கணக்குப் புத்தகத்தை, உங்களுக்கு எதிராக வாக்களித்தவர் ஒருவரிடம் சரிபார்க்கக் கொடுத்துவிடுங்கள்.